நூற்றுப் பதினொரு பேர்

ஆட்டம் முடிய இருபது நிமிடங்கள் இருக்கையில், இங்கிலாந்தின் பெரும்பாலான கால்பந்து மைதானங்களில் ஒலிபெருக்கி வழியே அன்றைய வருகைக் கணக்கை அறிவிக்கிறார்கள். முதலில் மொத்த எண்ணிக்கை வரும். அதைத் தொடர்ந்து, அவர்களுள் வெளியூர் அணிக்காக வந்தவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டாவது எண் வரும். சனிக்கிழமைப் பிற்பகல் என்றால் அந்த இரண்டாவது எண் முந்நூறாகவோ நானூறாகவோ இருக்கலாம். ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவு, அதுவும் நான்கரை மணி நேரப் பயணத் தொலைவில் என்றால், அது நூறை ஒட்டி நிற்கும். அதைக் கேட்டதும் உள்ளூர்க்காரர்கள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலில் கேலியும் இருக்கும், மரியாதையும் இருக்கும். எது எவ்வளவு என்பதை, அந்த நேரத்தில் நாங்கள் எத்தனை கோல் பின்தங்கியிருக்கிறோம் என்பதை வைத்துத்தான் கணிக்க முடியும். கடந்த பதினொரு ஆண்டுகளாக அந்த இரண்டாவது எண்ணுக்குள் நானும் ஒருவனாக இருந்து வருகிறேன்.

எங்கள் அணியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் இதைப் படிப்பவர்களில் பலருக்கு அது ரயில் போகிற வழியில் நிற்காமல் கடந்த ஒரு நிலையத்தின் பெயராகத்தான் தோன்றும்; மேலும், நான் எழுதப்போகிற சில விஷயங்களுக்காக அங்கே வேலை செய்கிற நல்ல மனிதர்கள் சங்கடப்பட வேண்டியதில்லை. வட இங்கிலாந்தில், மூடப்பட்ட பஞ்சாலையின் புகைபோக்கி இன்னும் நிற்கிற ஒரு நகரம் அது. அணி விளையாடுவது லீக் டூவில். பெயரைப் பார்த்து அதை இரண்டாம் நிலை என்று நினைத்துவிடக் கூடாது. பிரீமியர் லீக், சாம்பியன்ஷிப், லீக் ஒன் ஆகிய மூன்றுக்கும் கீழே வருகிற நான்காவது அடுக்கு அது. 24 அணிகள், ஆகஸ்டிலிருந்து மே வரை 46 ஆட்டங்கள், அவற்றில் 23 வெளியூரில். மேல்வரிசையிலிருந்து நான்கு அணிகள் மேலே ஏறும். அடியில் கிடக்கிற இரண்டு அணிகள் நேஷனல் லீக் என்னும் ஐந்தாவது அடுக்குக்கு இறங்கும். நாங்கள் வழக்கமாக 18-ஆம் இடத்துக்கும் 22-ஆம் இடத்துக்கும் நடுவே குடித்தனம் நடத்துகிறவர்கள். அந்த 23 ஆட்டங்களில் என்னால் பதினான்கு, பதினைந்துக்குப் போக முடிகிறது. முழுவதற்கும் போகிறவர்கள் நாற்பது பேராவது இருக்கிறார்கள் என்பதால், என்னை யாரும் தீவிர ரசிகனாகக் கருதுவதில்லை.

இந்தப் பழக்கத்துக்கு என்னை இழுத்துவிட்டவர் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். எண்பதுகளின் கடைசியில் இந்த நாட்டுக்கு வந்து, பல ஆண்டுகள் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்து, இப்போது ஓய்வுபெற்றிருக்கிறார். நான் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருந்த முதல் குளிர்காலத்தில், கடை வரிசையில் நின்றுகொண்டு அலைபேசியில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, பேசி முடிக்கும்வரை காத்திருந்து அறிமுகம் செய்துகொண்டார். ஊர், வேலை, வாடகை ஆகிய மூன்றையும் விசாரித்த கையோடு, "சனிக்கிழமை வேலை இருக்கோ தம்பி?" என்றார். இல்லை என்றேன். "அப்ப வாரும். ஆனா நல்ல ஆட்டம் பாக்கலாம் எண்டு நினைச்சுக்கொண்டு வராதையும்." அன்று மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றோம். திரும்பி வருகிற பேருந்தில் அவர் என்னை 'நீர்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு மாற்றிக்கொண்டார். நான் அவரை அண்ணன் என்பதிலிருந்து அண்ணை என்பதற்கு மாற்றிக்கொண்டேன்.

அண்ணைக்கு ஒரு வழக்கம் உண்டு. இடைவேளை தொடங்கியதும், மற்றவர்கள் தேநீருக்கும் கழிப்பறைக்கும் நகர்வதற்குள், எங்கள் பக்கத்தில் இருக்கிறவர்களை ஒருவர் விடாமல் எண்ணுவார். "ஒண்டு நான், ரெண்டு நீ" என்று தன் நெஞ்சிலிருந்தும் என் தோளிலிருந்தும் தொடங்கி, விரலால் காற்றில் புள்ளி வைத்துக்கொண்டே போவார். பிறகு ஒலிபெருக்கி எண்ணைச் சொன்னதும் தன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். பொருந்தினால் தலையசைப்பு, பொருந்தாவிட்டால் விசாரணை. "அவையள் டிக்கெட்டை எண்ணினம். நான் ஆக்களை எண்ணுறன். ரெண்டும் ஒண்டில்லை" என்பது அவருடைய வாதம். ஆரம்பத்தில் இதை ஒரு வயதானவரின் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன். சொந்த மைதானத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்கு நடுவே நிற்கும்போது நான் வந்தேனா வரவில்லையா என்பது எந்தக் கணக்கையும் பாதிக்காது. வெளியூரில் நூறு பேராக நிற்கும்போது, நான் வராமல் போனால் அது ஒரு சதவீதம் குறைவு. தோற்கிற அணியின் பின்னால் ஏன் அலைகிறாய் என்று கேட்கிறவர்களுக்கு நான் வைத்திருக்கிற உருப்படியான ஒரே பதில் அதுதான். அதைச் சொன்னால் பெரும்பாலும் அவர்களுக்குத் திருப்தி ஏற்படுவதில்லை.

இந்த அடுக்கில் விளையாட்டை ஓட்டுகிற எரிபொருள் நம்பிக்கை என்று சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது பயம்தான். மேலே போகலாம் என்ற ஆசை அக்டோபரிலேயே தீர்ந்துவிடும். கீழே விழுந்துவிடுவோமோ என்பது மே மாதம் வரை தாங்கும். அந்தப் பயம்கூட ஒப்பீட்டளவில் புதியது. 1980-களின் நடுப்பகுதி வரை நான்காவது பிரிவில் கடைசியில் முடிக்கிற நான்கு அணிகள் மீண்டும் லீக்கில், அதாவது அன்றைய நான்கு பிரிவுகளும் சேர்ந்த அமைப்பில், சேர்த்துக்கொள்ளுமாறு விண்ணப்பிக்க வேண்டும். மற்ற அணிகளின் சங்கங்கள் (கிளப்புகள்) வாக்களித்து முடிவு செய்யும். பழகியவர்களைப் பழகியவர்களே கைவிட மாட்டார்கள் என்பதால், பெரும்பாலும் எல்லோரும் உள்ளேயே இருந்துவிடுவார்கள். ஹார்டில்பூல் அணி 14 முறை இப்படி விண்ணப்பித்து, 14 முறையும் தப்பித்தது. ஆனால் எல்லோருக்கும் அந்தக் கருணை கிடைக்கவில்லை. 1972-இல் பாரோ அணியை வாக்களித்து வெளியேற்றிவிட்டு, அந்த ஆண்டு எஃப்.ஏ. கோப்பைப் போட்டியில் பெரிய அணியான நியூகாசிலைத் தோற்கடித்துப் புகழ்பெற்றிருந்த ஹெரஃபோர்டைச் சேர்த்துக்கொண்டார்கள். பாரோ லீக்குக்குத் திரும்பிவர 48 ஆண்டுகள் ஆயின, 2020-இல்தான் வந்தது. லேக் டிஸ்ட்ரிக்ட் என்னும் ஏரி மாவட்டத்தைச் சுற்றிக்கொண்டு, இனிமேல் சாலையே இல்லை கடல்தான் என்று தோன்றுகிற இடத்தில் இருக்கிறது அந்த ஊர். அங்கே போய் இறங்குகிற ஒவ்வொரு முறையும், தொலைவு காரணமாகத்தான் அன்று அவர்களுக்கு வாக்கு விழவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் எழும். ஆதாரம் ஏதுமில்லை, முதுகுவலிதான் ஆதாரம்.

வாக்கெடுப்புக்குப் பதிலாக, கடைசி அணி நேராக வெளியேறும் என்ற விதி 1986–87 பருவத்தில் வந்தது. அதன் முதல் கடைசி நாளைப் பற்றி அண்ணை சொல்லும்போது, ஏதோ நேரில் பார்த்தவர் போலவே சொல்வார். 1987 மே 9 அன்று டார்க்கி அணி தன் சொந்த மைதானத்தில் குரூ அணியோடு 1–2 என்று பின்தங்கியிருந்தது. அப்படியே முடிந்தால் வெளியேற்றம். கடைசி நிமிடங்களில் பந்தைத் துரத்திக்கொண்டு கோட்டோரம் ஓடிய டார்க்கியின் தடுப்பாட்டக்காரர் ஜிம் மெக்நிக்கலை, தன் காவலரைத் தாக்க வருகிறார் என்று எண்ணிய பிரின் என்ற போலீஸ் நாய் தொடையில் கடித்துவிட்டது. சிகிச்சைக்காக வீணான நேரத்தை நடுவர் இறுதியில் கூட்டிக் கொடுத்தார். அந்தக் கூட்டிய நிமிடங்களில் பால் டாப்சன் கோல் அடித்தார். 2–2. டார்க்கி தப்பித்தது, லிங்கன் வெளியேறியது. லிங்கன் அன்று விளையாடியது வெளியூரில், ஸ்வான்சியில். தன் அணி 0–2 என்று தோற்றுக்கொண்டிருப்பதை நேரில் பார்த்துக்கொண்டும், எங்கோ தென்கோடியில் ஒரு நாய் என்ன செய்தது என்பது தெரியாமலும் நின்றிருந்த ஒரு லிங்கன் ரசிகரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2003 முதல் வெளியேறுகிற இடங்கள் இரண்டாகிவிட்டன.

இதே வகையில் இன்னொரு கதையும் உண்டு. அதை எல்லோரும் தவறான பக்கத்தில் நின்று சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். 1999 மே 8. கார்லைல் அணி லீக்கில் நீடிக்க வேண்டுமானால் பிளிமத்தை வென்றாக வேண்டும். 1–1 என்று நிற்கிறது. கூட்டிய நான்கு நிமிடங்களும் தீரப்போகிற நேரத்தில் ஒரு கார்னர். ஸ்விண்டன் அணியிலிருந்து தற்காலிகக் கடனாக வந்திருந்த கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் தன் கோலை விட்டுவிட்டு எதிர்முனைக்கு ஓடுகிறார், தடுக்கப்பட்டுத் திரும்பிய பந்து அவர் காலடியில் வந்து விழுகிறது, உதைக்கிறார், கோல். தங்கள் ஆட்டம் முடிந்து, தப்பித்துவிட்டோம் என்று கொண்டாடிக்கொண்டிருந்த ஸ்கார்பரோ அணி அந்த நொடியில் வெளியேறியது. 1987-இல் தானாக ஏறும் விதியின்படி முதன்முதலில் லீக்குக்குள் வந்த அணி ஸ்கார்பரோ. எட்டு ஆண்டுகள் கழித்து, 2007-இல் அந்தச் சங்கமே கலைந்துபோனது. கார்லைலின் மகிழ்ச்சியும் ஸ்கார்பரோவின் துயரமும் நியாயமாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் கார்லைலுக்கும் பிளிமத்துக்கும் இடையே கிட்டத்தட்ட 390 மைல். ஏறவோ இறங்கவோ எதுவும் மீதியில்லாத ஒரு பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை, நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வந்து, மற்றவர்களின் வரலாறு தங்கள் கண்முன் நடப்பதைப் பார்த்துவிட்டு, தோல்வியோடு ஏழு மணி நேரம் திரும்பிப் போன பிளிமத்துக்காரர்களும் அந்த மைதானத்தில் இருந்தார்கள். அவர்களை யாரும் பேட்டி எடுத்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

பயணம் என்பதில் பெரும்பகுதி பேருந்துதான். ரசிகர் மன்றம் வாடகைக்கு எடுக்கிற 49 இருக்கைப் பேருந்து ஒன்று. அதில் முப்பது பேர் வந்தால் செலவு கட்டும், இருபத்திரண்டு பேர் வந்தால் யாரோ ஒருவர் கையிலிருந்து போட வேண்டும். 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்டத்துக்குப் போகிற வாடகைப் பேருந்துகளில் மது கூடாது. மைதானத்துக்குள்ளும் ஆடுகளம் கண்ணில் படுகிற இடத்தில் குடிக்கக் கூடாது. எனவே வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுபோல் அது கூச்சலும் பாட்டுமான பேருந்தாக இருப்பதில்லை. பின்னல் வேலையை எடுத்துவருகிற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். வெளியூர் ஆட்டத்தின் நிகழ்ச்சிநிரல் புத்தகம் எதையும் தவறவிடாமல் சேர்த்தவர் ஒருவர் இருக்கிறார். அதை அச்சிடுவது கட்டாயமில்லை என்று 2018-இல் சங்கங்கள் வாக்களித்து முடிவெடுத்த நாளிலிருந்து, அவர் சேகரிப்பில் ஓட்டைகள் விழத் தொடங்கியிருக்கின்றன. அதைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். பிரிந்துபோன கணவனும் மனைவியும் ஒரே பேருந்தில், முன்பக்கம் ஒருவரும் பின்பக்கம் ஒருவருமாக வருகிறார்கள். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் எல்லோரும் இறங்கும்போது நேரத்தைச் சொல்வது மட்டும் ஓட்டுநர்; திரும்ப ஏறும்போது எண்ணுவது அண்ணை.

நெயில்ஸ்வொர்த் என்ற சிற்றூரில், மலைமேல் இருக்கிற ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் மைதானத்துக்கு ஒருமுறை கந்தசஷ்டி நாட்களில் போக நேர்ந்தது. இறைச்சியும் பாலும் இல்லாத உணவை மட்டுமே விற்கிற சங்கம் அது. மற்ற மைதானங்களில் உருளைக்கிழங்கு வறுவலைக்கூட எந்த எண்ணெயில் பொரித்தார்களோ என்று ஐயத்தோடு பார்க்கிற அண்ணை, அன்று விற்பனைச் சாளரத்தின் முன் நின்று பட்டியல் முழுவதையும் மேலிருந்து கீழாக வாசித்துவிட்டு, "எல்லாம் சாப்பிடலாம் எண்டால் என்னத்தைச் சாப்பிடுறது?" என்று குழம்பிப்போய், கடைசியில் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தைத்தான் தின்றார்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிப்ரவரிச் செவ்வாய்க்கிழமை, அரைநாள் விடுப்பு எடுத்து, மழையில் மூன்று மணி நேரம் போன பிறகு, ஆடுகளத்தில் தண்ணீர் தேங்கியிருப்பதால் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டதாக அலைபேசியில் செய்தி வந்தது. முந்தைய இரவிலிருந்தே அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. காலையிலேயே நடுவரை வரவழைத்துச் சோதித்திருக்கலாம். சோதித்துப் பார்த்து ரத்து செய்திருந்தால் உள்ளூர்க்காரர்களுக்குப் பத்து நிமிட ஏமாற்றம். சோதிக்காமல் மாலைவரை இழுத்ததால் எங்களுக்கு ஒரு நாள், ஒரு விடுப்பு, பேருந்து வாடகை. ஆட்ட அட்டவணை தொலைக்காட்சிக்காக மாறும்போதும் இதேதான் நடக்கிறது: முடிவெடுக்கிற மேசையில் மைதானம் இருக்கிறது, காவல்துறை இருக்கிறது, ஒளிபரப்பு இருக்கிறது, வழியில் இருக்கிறவர்கள் மட்டும் இல்லை. அன்று பேருந்து ஓய்விடத்தில் திரும்பியபோது ஆசிரியை பின்னலிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "பரவாயில்லை, இன்றைக்குத் தோற்கவில்லை" என்று மட்டும் சொன்னார்.

எங்களுக்கு ஒதுக்குகிற இடம் பெரும்பாலும் மைதானத்தின் மிக மோசமான மூலையாக இருக்கும். விதிப்படி, இருபதாயிரத்துக்குக் குறைவான கொள்ளளவுள்ள மைதானம் அதில் பத்தில் ஒரு பங்கையாவது வெளியூர்க்காரர்களுக்குத் தர வேண்டும். எந்தப் பத்தில் ஒரு பங்கு என்று விதி சொல்வதில்லை. எனவே சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கிற பக்கம், கூரை இல்லாத பக்கம், கூரையைத் தாங்குகிற கம்பம் கோலை மறைக்கிற பக்கம் ஆகியவை எங்களுக்கு. பல இடங்களில் இன்னும் நின்று பார்க்கிற கான்கிரீட் படிகள்தாம். 1989-இல் ஹில்ஸ்பரோவில் நெரிசலில் 97 பேர் உயிரிழந்த பிறகு, நீதிபதி டெய்லர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து மேலிரண்டு அடுக்குகளில் எல்லோருக்கும் இருக்கை கட்டாயமாயிற்று. எங்கள் அடுக்கு வரை அந்தக் கட்டாயம் இறங்கி வரவில்லை. அந்த விபத்தின் கொடுமை இரும்புக் கம்பிக் கூண்டுகளுக்குள் அடைக்கப்பட்ட பெருங்கூட்டத்தில் நேர்ந்தது என்பதை, ஆயிரம் பேர் நிற்கக்கூடிய படிகளில் நூறு பேராக விரவி நிற்கும்போது நினைத்துப் பார்ப்பதுண்டு. எங்களுக்கு நெருக்கடி கிடையாது. குளிருக்காகத்தான் நெருங்கி நிற்கிறோம்.

அப்படிக் கூட்டம் இல்லாததில் ஒரு லாபம் இருக்கிறது. எல்லாம் காதில் விழும். அறுபதாயிரம் பேர் கத்துகிற மைதானத்தில் ஆட்டக்காரர்கள் ஊமைகள். இங்கே அவர்கள் ஓயாமல் பேசுகிறார்கள். பந்து தோலில் படுகிற சத்தமும், முழங்கால் முழங்காலில் மோதுகிற சத்தமும், நடுவர் ஒருவரைத் தனியே அழைத்துச் சொல்கிற அறிவுரையும் கேட்கும். சென்ற பருவத்தில் எங்களுக்கு இடதுபக்கத் தடுப்பாட்டக்காரராக இருபது வயதுப் பையன் ஒருவன் கடனாக வந்திருந்தான். பெரிய சங்கம் ஒன்றின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவன். புல் தரைவிரிப்பு போன்ற மைதானங்களில் பழகியவன். ஒரு வெளியூர் ஆட்டத்தின் முதல் பாதி முழுவதும் எங்கள் மூலைக்கு நேர் எதிரே அவனுக்கு வேலை. எதிரணியின் வலதுபக்க ஆட்டக்காரருக்கு முப்பத்துநான்கு வயது இருக்கும். வேகம் போய்விட்டது, தந்திரம் போகவில்லை. ஒவ்வொரு முறையும் பந்து வருவதற்கு ஒரு நொடி முன்னால், பையனின் இடுப்பில் முன்கையை மெல்ல வைத்து, அவன் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துக்கொள்வார். பிறகு அவன் எடை இல்லாத பக்கமாகத் திரும்பிப் போய்விடுவார். மூன்று முறை நடந்தது. மூன்றாவது முறை கோல். எங்கள் நடுத் தடுப்பாட்டக்காரர் பையனைத் திட்டவில்லை. அருகில் வந்து, அந்த முன்கையைத் தட்டிவிடுவது எப்படி என்று தன் கையாலேயே செய்து காட்டினார். இரண்டு முறை செய்து காட்டினார். அப்போது ஸ்கோர் 0–2. நான்காவது முறை முன்கை வந்தபோது பையன் அதைத் தட்டிவிட்டான். பந்து கோட்டுக்கு வெளியே உருண்டது. நாங்கள் நூறு பேரும், கோல் அடித்துவிட்டதுபோல் கத்தினோம். ஏன் என்று உள்ளூர்க்காரர்களுக்கு விளங்கவில்லை. தொலைக்காட்சியில் பார்த்திருந்தால் எனக்கும் விளங்கியிருக்காது.

தோல்வியின் பிற்பாடு இன்னும் கடினமானது. இறுதி விசில் ஊதியதும் ஆட்டக்காரர்கள் வெளியூர்க்காரர்களை நோக்கி நடந்துவந்து கைதட்ட வேண்டும் என்பது மரபு. வென்றால் ஓடி வருகிறார்கள். தோற்றால் அவர்கள் எவ்வளவு தூரம் வருகிறார்கள் என்பதில் ஒரு முழுப் பருவத்தின் கதையும் இருக்கிறது. நடுக்கோட்டிலேயே நின்று தலைக்குமேல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. பெனால்டி பெட்டிவரை வந்து, எங்கள் முகங்களைப் பார்த்ததும் நிற்கிறவர்கள் உண்டு. அந்த இரவு 0–3 என்று முடிந்தபின், நடுத் தடுப்பாட்டக்காரர் பையனின் கழுத்தில் கை போட்டு, விளம்பரப் பலகைவரை அழைத்துவந்துவிட்டார். எங்களில் முன்வரிசையில் இருந்த ஒருவர், முழு ஆட்டமும் பையனை வசைபாடிக்கொண்டிருந்தவர், இப்போது நாலடி தூரத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. அவன் கன்னத்தில் முகப்பரு இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார். பையன் குலுக்கினான். இருவரில் யாருக்கு அதிக வெட்கம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அண்ணை மட்டும், "வீட்டை போய்ச் சாப்பிட்டிட்டுப் படு" என்று தமிழிலேயே சொன்னார். பையன் அதற்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

வெளியூரில் வென்றதும் உண்டு. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. யாரும் நம்பாத ஒரு கோல், பிறகு நாற்பது நிமிடம் பந்தை வானத்தை நோக்கி உதைத்தல், பிறகு விசில். திரும்புகிற பேருந்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் சொன்னதும் மற்றவருக்குக் கேட்கவில்லை. தோற்ற இரவுகளில்தான் பேருந்தில் நல்ல பேச்சு நடக்கும்.

இந்த அடுக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் விசுவாசம் என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. 2019 ஆகஸ்டில் பெரி அணி கடன் சுமையால் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டபோது, அந்த ஊரில் விசுவாசத்துக்கு ஒரு குறையும் இருக்கவில்லை; 1921 முதல் லீக்கில் இருந்த ரோச்டேல் 2023-இல் வெளியேறியபோதும் அப்படித்தான். ரசிகனின் விசுவாசத்தால் ஓர் அணி காப்பாற்றப்படுவதில்லை. ரசிகன் செய்யக்கூடியது வந்து நிற்பது. நின்றான் என்பதற்கு ஓர் எண் இருப்பது.

கடந்த மார்ச்சில் அண்ணை மகளுடைய மகளின் சாமத்தியச் சடங்குக்காக, அதாவது பூப்பு நீராட்டுக்காக, ஊருக்குப் போயிருந்தார். அவர் இல்லாமல் நான் போன முதல் வெளியூர் ஆட்டம் அது. செவ்வாய்க்கிழமை இரவு, குறுக்காக அடிக்கிற மழை, கூரையில்லாத படிகள். போவதற்கு முன்பே அலைபேசியில் உத்தரவு வந்துவிட்டது: எண்ண மறக்கக் கூடாது. இடைவேளையில் முதல் படியில் இடது ஓரத்திலிருந்து தொடங்கினேன். ஆட்கள் நகர்ந்துகொண்டே இருந்ததால் இருமுறை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. எழுபதாவது நிமிடத்தில் ஒலிபெருக்கி 112 என்றது. அப்போது நாங்கள் இரண்டு கோல் பின்தங்கியிருந்தோம். கைதட்டலில் மரியாதையே மிகுந்திருந்ததாக எனக்குப் பட்டது, மழை காரணமாக இருக்கலாம்.

பேருந்து நெடுஞ்சாலையில் ஏறியபோது யாழ்ப்பாணத்தில் விடிய இன்னும் நேரம் இருந்திருக்கும். அலைபேசி அடித்தது. ஸ்கோரை அவர் கேட்கவில்லை.

"எத்தினை பேர்?"

"நான் எண்ணினது நூற்றுப் பதினொன்று, அண்ணை. அவர்கள் நூற்றுப் பன்னிரண்டு என்றார்கள்."

"வடிவா எண்ணினனியோ?"

"இரண்டு தடவை எண்ணினேன்."

"கம்பம் ஏதும் மறைச்சதோ?"

"கூரையே இல்லை. கம்பம் எங்கே?"

சிறிது நேரம் சத்தமில்லை. பின்னணியில் ஒரு சேவல் கூவியது.

"தம்பி," என்றார். "உன்னையும் சேத்தோ எண்ணினனி?"